மூளை கொழுப்பை எரிப்பதில்லை என்றால் சிபிடி1சி அங்கே என்ன செய்கிறது?

வணக்கம். நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "மூளை பெரும்பாலும் குளுக்கோஸைக் கொண்டே இயங்குகிறது, கொழுப்பு அமிலங்களை எரிபொருளாக அதிகம் பயன்படுத்துவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் கொழுப்பு அமில வளர்சிதை மாற்றத்தைச் சேர்ந்த சிபிடி1சி என்னும் புரதம் மூளையில் எதற்காக இருக்கிறது? கார்னிடைன் மாத்திரை எடுத்துக்கொண்டால் அது கூடுதலாக வேலை செய்யுமா?"

இந்தப் புரதத்தை ஆராய்ந்தவர்களையே திகைக்க வைத்த கேள்வி இது என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

நீண்ட சங்கிலி கொண்ட கொழுப்பு அமிலம் எரிய வேண்டுமானால் அது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். அதற்கு முன் அதன்மீது, அதை உள்ளே கொண்டுசெல்ல உதவும் கார்னிடைன் மூலக்கூறு ஒன்றைப் பொருத்தி அனுப்பும் வாயிற்காவலர்தான் சிபிடி1 என்னும் நொதி. இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஏ வடிவம் முக்கியமாகக் கல்லீரலிலும், பி வடிவம் தசைகளிலும் இதயத்திலும் காணப்படுகின்றன. 2002இல் அடையாளம் காணப்பட்ட சி வடிவமோ பெரும்பாலும் மூளையின் நியூரான்களிலேயே இருக்கிறது. நாம் சாப்பிட்டதும் உடல் புதிய கொழுப்பை உருவாக்கத் தொடங்கும்போது மலோனைல் கோ-ஏ என்னும் இடைப்பொருள் பெருகி, இந்த நொதியைத் தடுத்துவிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் மெக்கேரியும் ஃபாஸ்டரும் 1977இல் காட்டினார்கள். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் கொழுப்பைக் கட்டிக்கொண்டே மறுபக்கம் அதை எரிக்கும் வீண்வேலை இதனால்தான் நடப்பதில்லை.

இப்போது மூளைக்கு வருவோம். சிபிடி1சி மைட்டோகாண்ட்ரியாவில் அல்லாமல் முக்கியமாக, செல்லுக்குள் உள்ள சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையில் அமர்ந்திருக்கிறது. கார்னிடைனைப் பொருத்தும் வேலையையும் அது ஏறக்குறையச் செய்வதே இல்லை. ஆனால் மலோனைல் கோ-ஏயைப் பற்றிக்கொள்ளும் திறனில் மட்டும் அது தன் உறவு நொதிகளுக்குக் குறைந்ததல்ல. பட்டினியின்போது, பசியைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் மலோனைல் கோ-ஏயின் அளவு குறைகிறது, உணவு உண்டபின் உயர்கிறது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்த்தால், இந்தப் புரதம் கொழுப்பை எரிப்பதற்காக இல்லை, உடலின் ஆற்றல் நிலையை உணர்வதற்காக இருக்கிறது என்ற விளக்கமே பொருந்துகிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இதற்கு வலுவான சான்று எலிகளிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லேனின் குழுவினர், சிபிடி1சிக்கான மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி 2006இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. சாதாரணத் தீவனத்தில் வளர்ந்தபோது அந்த எலிகள் குறைவாகத் தின்றன, எடையும் குறைவாகவே இருந்தன. ஆனால் கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்தபோது, இயல்பான எலிகளைவிட எளிதில் பருமனாயின. அவற்றின் உடல் செலவிடும் ஆற்றல் குறைந்திருந்தது. எவ்வளவு தின்கிறோம் என்பது மட்டுமே எடையைத் தீர்மானிக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பின்னர் வந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாக்கின: இயல்பான எலி பட்டினி கிடக்கும்போது அதன் கல்லீரலும் தசைகளும் குளுக்கோஸை விட்டுக் கொழுப்பு அமிலங்களுக்கு மாறிக்கொள்கின்றன, சிபிடி1சி இல்லாத எலிகளில் அந்த மாற்றம் சரிவர நடப்பதில்லை. கல்லீரலிலும் தசையிலும் எரிப்பதற்கான நொதிகள் இருந்தும், மூளையிலிருந்து வரவேண்டிய கட்டளை குறைந்துபோகிறது என்பதே இதன் பொருள். பழுப்புக் கொழுப்பு வெப்பம் உண்டாக்குவதற்கும் ஹைப்போதலாமஸில் உள்ள இதே புரதம் தேவைப்படுகிறது.

மனிதர்களைப் பொறுத்தவரை, இந்த மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் கால்கள் விறைத்து நடை பாதிக்கப்படும் பரம்பரை நரம்பு நோய்க்குக் காரணமாவது, இத்தாலியக் குடும்பம் ஒன்றில் 2015இல் விவரிக்கப்பட்டது. எனவே இதை உடல் பருமனோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசுவது போதாது. நியூரான்களின் நலத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கான விடையும் இதிலேயே இருக்கிறது. கார்னிடைனைப் பொருத்தும் வேலையை ஏறக்குறையச் செய்யாத ஒரு புரதத்தை, கார்னிடைன் மாத்திரையால் முடுக்கிவிடலாம் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை. அது செவிசாய்ப்பது மலோனைல் கோ-ஏக்கு. அதன் அளவோ நாம் உண்பதற்கும் பட்டினி கிடப்பதற்கும் ஏற்ப மூளைக்குள்ளேயே ஏறி இறங்குகிறது.