வெளியாள் கண்ணில் பட்டது

வணக்கம் நேயர்களே. விமான என்ஜினில் கோளாறு வந்தால் செய்த கம்பெனியே பார்த்துச் சரிசெய்துகொள்ளும், வெளியாளுக்கு அங்கே என்ன வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அது தப்பாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்ல, 1940-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற இரண்டு போர் விமானங்களிலும் ஓடியது ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் என்ஜின். அருமையான என்ஜின்தான், ஆனால் எதிரியைத் துரத்தும்போது விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் அது விக்கும், சக்தி போய்விடும். ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஸ்மிட்டில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஏற்பாடு இருந்ததால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து தப்பிவிடும். பின்னால் போகிறவர் விமானத்தை முதலில் மல்லாக்கப் புரட்டி, அப்புறம்தான் கீழே இறக்க வேண்டும், அதற்குள் எதிரி கைநழுவிவிடுவான்.

என்ன நடந்தது என்றால், மெர்லினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுப்பது கார்புரேட்டர். அதில் பெட்ரோல் நிற்கும் சின்னத் தொட்டியும் அதில் ஒரு மிதவையும் உண்டு. மூக்கு கவிழ்ந்ததும் பெட்ரோல் தொட்டியின் மேல்பக்கம் ஏறிவிடும், என்ஜினுக்கு ஒரு கணம் பெட்ரோல் கிடைக்காது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிதவை இடம் மாறி வால்வை முழுசாகத் திறந்துவிடும், பம்ப் தள்ளுகிற பெட்ரோல் எல்லாம் உள்ளே கொட்டும், என்ஜின் மூச்சுத் திணறும். பெரிய ஆபத்து இந்த இரண்டாவதுதான்.

கம்பெனிக்காரர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நேராகப் பீய்ச்சும் ஏற்பாட்டை விட்டுக் கார்புரேட்டரை யோசித்துத்தான் வைத்தார்கள்: பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாகிறது, சக்தி கூடுகிறது. ஆனால் புதுக் கார்புரேட்டர் செய்து, சோதித்து, விமானங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சட்டென்று முடிகிற காரியமா? போர் நடந்துகொண்டிருக்கிறது.

அப்போதுதான் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் வருகிறார். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலைத் தாண்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர், என்ஜினைக் கையால் அறிந்தவர். முழு சக்தியில் ஓடும்போது மெர்லின் குடிக்கும் பெட்ரோலுக்கு மேல் உள்ளே விடாதபடி குழாயில் ஒரு துளையிட்ட சின்ன உலோகத் துண்டை வைத்தார், அவ்வளவுதான். பின்னால் அது வெறும் வாஷர் மாதிரி தட்டையாகவே வந்துவிட்டது. விமானத்தைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே மாட்டலாம். 1941 மார்ச்சில் தொடங்கி, ஒரு குழுவோடு விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார்கள். முழுத் தீர்வு இல்லை, அந்த முதல் விக்கல் இருந்தது. ஆனாலும் பெட்ரோல் கொட்டி என்ஜின் அணைவது நின்றது.

அதற்காக, வெளியாள் சொன்னாலே சரி என்று நான் சொல்லவில்லை. 1929-இல் இளம் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் என்ஜின் யோசனையை விமான அமைச்சகத்துக்குக் கொண்டுபோனபோது, அதை மதிப்பிட்ட ஏ. ஏ. கிரிஃபித் சாதாரண ஆள் இல்லை, பெரிய விஞ்ஞானி. கணக்கில் ஒரு பிழையையும் கண்டுபிடித்தார், நடக்காத காரியம் என்றும் எழுதிவிட்டார். பிழையைச் சொன்னது நியாயம். ஆனால் அந்தக் காகிதத்தோடு கதவு மூடிக்கொண்டதால் போன வருஷங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதே விட்டில் பின்னால் எரிபொருள் சரியாக எரியாமல் மாதக்கணக்கில் மல்லாடியபோது உதவியது யார் தெரியுமா? எண்ணெய் கம்பெனியான ஷெல்லின் ஐசக் லபக். விமானத் துறைக்காரரே இல்லை, ஆனால் எண்ணெயை எப்படி எரிப்பது என்பது அவருக்கு அத்துப்படி. விட்டில் எரிபொருளைக் குழாயில் சூடாக்கி ஆவியாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். லபக் அதை அழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளிக்கும் பர்னரைக் கொடுத்தார். 1940 கடைசியில் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது, 1941 மே 15 அன்று கிரான்வெல்லில் விட்டிலின் என்ஜினோடு விமானம் பறந்தது.