விட்டுப்போன ஒரு 'க்'

வணக்கம். இங்கே பேசக் கூப்பிட்டவர்கள் எனக்கு 8 நிமிடம் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் அசந்துபோயிருப்பார். வானொலியில் அவர் ஆயுளுக்கும் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் 10 வினாடி, 20 வினாடி. தாராளமான கடைக்காரர் யாராவது அகப்பட்டால் 30 வினாடி.

சேலத்தில் 30 வருடத்துக்கு மேல் விளம்பரத் தொழில் செய்தவர் அவர். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. ஏஜென்சி என்றால் அவ்வளவுதான். நான் தமிழ் டீச்சர். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பது கல்யாணமான முதல் வாரமே தெரிந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் தான் எழுதிய சுவர் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார். 'சுத்தமான வெள்ளி கொலுசு' என்று ஆளுயரத்துக்கு எழுத்து. புதுப்பெண் ஏதாவது பாராட்டுவாள் என்று நின்றவரிடம் நான் கேட்டது, "நடுவில் 'க்' எங்கே?"

"டீச்சரே, ஓர் எழுத்து ஒன்றரை அடி அகலம். சதுர அடிக்குக் கணக்குப் பார்க்கிற கடைக்காரர் அதுக்குக் காசு தருவாரா? பஸ்ஸில் போறவங்க கண்ணுக்குத்தான் அது படுமா?" என்றார்.

எங்களுக்குள் கடைசி வரை ஒத்துப்போகாத விஷயம் இந்த ஒற்று ஒன்றுதான். மற்றதெல்லாம் எப்படியோ ஒத்துப்போனது.

சுவர் எழுதுவதை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? இப்போதைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய எழுத்தைச் சுரண்டி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்துக் காயவிட வேண்டும். பிறகு நீலத்தில் தோய்த்த நூலை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோடுகளுக்குள்தான் எழுத்து உட்கார வேண்டும். வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவர் அந்தப் பக்கம் பஸ்ஸில் இரண்டு தடவை போய்வருவார். பஸ் எங்கே வேகம் குறைக்கிறது, எந்தப் பக்கத்து ஜன்னல் சுவரைப் பார்க்கிறது என்று கணக்கு. பஸ் நிற்கிற இடமென்றால் 7 வார்த்தை, ஓடுகிற இடமென்றால் 3 வார்த்தை. சுவர்க்காரரிடம் கேட்காமல் ஒரு கோடு போட மாட்டார். ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிட்டு ஓடுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

அவருக்கு எழுத்து கற்றுக்கொடுத்தவர் இளவயதில் மாடர்ன் தியேட்டர்ஸில் செட்டுக்கு வர்ணம் அடித்தவர். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ. இன்றைக்கு ஏற்காடு ரோட்டில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, வளைவின் மேல் இருக்கிற எழுத்தை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அடிவாரம் தாண்டி, மலைமேல் ஒரு சுவர்கூட அவர் எழுதியதில்லை. கேட்டுவந்தவர்கள் உண்டு, நல்ல காசுக்கும் கேட்டார்கள். "20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போறவன் கொஞ்ச நேரமாவது எதையும் வாங்காம இருக்கட்டுமே" என்பார். கோடை மழை ஒன்று விழுந்தால் ஏற்காட்டில் காப்பிச் செடி மொத்தமும் வெள்ளையாகப் பூக்கும். நாலைந்து நாளில் வாடியும் போகும். அந்த நாலைந்து நாளுக்குள் எப்படியாவது என்னைக் கூட்டிப்போய்விடுவார். மழை பெய்த தகவலை அவருக்கு யார் சொல்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தியேட்டர் ஸ்லைடு கதை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் துண்டில் வர்ண மையில் எழுதி, மேலே இன்னொரு கண்ணாடி வைத்து, ஓரத்தை ஒட்டிக் கொடுப்பார்கள். இடைவேளையில் சில வினாடி திரையில் தெரியும். ஒரு தியேட்டரில், பெயர் எதற்கு, ஆபரேட்டர் தலைகீழாகச் சொருகிவிட்டார். பாத்திரக்கடை விளம்பரம். கடைக்காரரும் குடும்பத்தோடு படத்துக்கு வந்திருந்தார். இவருக்கு வியர்த்துவிட்டது. ஆனால் முறுக்கு வாங்க எழுந்தவர்கள்கூட நின்று தலையைச் சாய்த்துப் படித்தார்களாம். மறுநாள் கடைக்காரர், "தம்பி, தினமும் அப்படியே போடச் சொல்லு" என்றாராம். இதை அவர் சொல்லி நான் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் முறுக்கு வேறு பலகாரமாக மாறும்.

விவித் பாரதியில் வர்த்தக ஒலிபரப்பு 1967-இல் தொடங்கியது. இவர் அதில் நுழைந்தது வெகுகாலம் கழித்து. ஒரு ஜவ்வரிசி வியாபாரிக்காக எழுதிய 10 வினாடி விளம்பரம் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கும் சேகோ ஆலையும் இல்லாத ஊர் ஏது? நான் அடுப்படியில் நின்று படிக்க வேண்டும். அவர் கைக்கடிகாரத்தில் வினாடி முள்ளைப் பார்ப்பார். 18 சொல்லுக்கு மேல் போனால் மூச்சு வாங்கும் என்பார். 'மிகவும்' போய்விட்டது. 'சுவையான' போய்விட்டது. கடைசியில் கடைப்பெயரும் பாயசமும்தான் மிஞ்சின. ஒரு தமிழ் டீச்சரின் கண்முன்னால் அடைமொழியை இப்படி வெட்டிச் சாய்த்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. அதற்குப் பிறகு வகுப்பில் கட்டுரை திருத்தும்போது என் கையும் தானாக வெட்ட ஆரம்பித்தது. அவரிடம் அதை நான் சொன்னதில்லை.

ஃபிளெக்ஸ் வந்ததும் சுவர் வேலை படுத்துவிட்டது. கம்ப்யூட்டரில் அடித்துச் சாயங்காலமே தொங்கவிட்டுவிடுகிறார்கள். இவரிடம் இரண்டு பெயின்டர்கள் இருந்தார்கள். போகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட போர்டு, ஆட்டோவின் முதுகு, கோயில் நன்கொடையாளர் பட்டியல் என்று எதையாவது பிடித்து வந்து கொடுத்தார். அந்த வருடங்களில் வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. பெரிய தியாகமாகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் எனக்குக் கோபமும் வந்திருக்கிறது, சண்டையும் போட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி வாசகம் எழுதிக் கொடுத்தவர். அதற்கு மட்டும் யாரிடமும் பைசா வாங்கியதில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பெயின்டர்களில் இளையவன், இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது, போஸ்டர் புரூஃபைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். படம், பெயர், அதற்குக் கீழே 'விளம்பரக் கலைஞர்'. அழுதுகொண்டிருந்தாலும் கண் அங்கேதான் போனது. 'க்' இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "சார் ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிவச்சிருக்காருங்க டீச்சர். மத்தவங்க படிக்கிறதுல எதை வேணா விடு, டீச்சர் கண்ணுல படறதுல ஒத்து விட்டுப்போச்சுன்னா உன்னை வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு."

மூன்றாம் நாள் பஸ்ஸில் ஐந்து ரோடு வழியாகப் போனேன். சுவரில் அந்த போஸ்டர் இருந்தது. பஸ் நிற்கவில்லை. அவர் முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது. 'க்' கண்ணில் படவில்லை.