வலி தெரியாத கைகள்

ஆயர் அவர்களே, சேகரக் கமிட்டி அங்கத்தினரே, கிறிஸ்துவுக்குள் அன்பான சபையோரே,

"அன்றாட வாழ்வில் விசுவாசமும் அன்பும்" என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டு அந்த அதிகாரம் நமக்கு மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமாகிவிட்டதாலேயே அது நம்மை இப்போது அதிகமாக ஒன்றும் செய்வதில்லை என்று நினைக்கிறேன். ஆகவே அதற்கு முந்தின அதிகாரத்தில் நிற்கிறேன். சபையை ஒரு சரீரமாக விவரித்துக்கொண்டே வருகிற பவுல், 26ஆம் வசனத்தில், "ஆதலால் ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களுங்கூடப் பாடுபடும்" என்று எழுதுகிறார். கவனியுங்கள், இதை அவர் கட்டளையாகச் சொல்லவில்லை. சுகமாயிருக்கிற சரீரத்தில் நடக்கிறது இதுதான் என்கிறார். அப்படியானால், ஓர் அவயவம் பாடுபடும்போது மற்ற அவயவங்களுக்கு ஒன்றுமே தெரியாமற்போகிற சரீரம் ஒன்று இருக்க முடியுமா? இருக்க முடியும். அப்படிப்பட்ட கைகளையும் கால்களையும் பார்ப்பதிலேயே தம் ஆயுளைச் செலவிட்ட ஒரு மருத்துவர் வேலூரில் வேலை செய்தார். அவரை முன்னிட்டே இன்றைக்குப் பேசப்போகிறேன்.

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். ஜெஸ்ஸி, ஈவ்லின் என்ற மிஷனெரித் தம்பதியரின் மகன். அந்நாட்களில் அந்த மலையில் நரம்புச் சிலந்தி நோய் மிகுதியாயிருந்தது. குடிதண்ணீரோடு உள்ளே போய், பல மாதங்களுக்குப் பிறகு காலில் கொப்புளமாகி வெளியே தலைநீட்டுகிற நீண்ட புழு அது. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் உள்ளே சீழ் வைத்துவிடும். அதனால் ஒரு சிறு குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, மறுநாள் இன்னும் கொஞ்சமாகச் சுற்றியே வெளியே எடுக்க வேண்டும். தகப்பனார் இதைச் செய்வதைப் பார்த்து வளர்ந்த பையன் பால். 1929இல் அந்தத் தகப்பனார் கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே மரித்தார். தாயார் ஈவ்லினோ, மிஷனெரிச் சங்கத்தார் ஓய்வு கொடுத்த பின்பும் தாம் சொந்தமாக மலையேறிப் போய், 1974இல் தம் 95ஆம் வயதில் மரிக்கும்வரை மலைவாழ் மக்களின் நடுவிலேயே ஊழியம் செய்தார். அந்த அம்மையாரைப்பற்றித் தனியாக ஒரு கூட்டமே நடத்தலாம். இன்றைக்கு மகனைப் பார்ப்போம்.

லண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற பால் பிராண்ட் 1946ஆம் ஆண்டின் கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறுவருடம், தொழுநோய் மருத்துவத்தில் பேர்பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்துபோன கைகள் எங்கே திரும்பினாலும் தென்பட்டன. அவற்றுக்கு ஏன் ஒன்றும் செய்யப்படவில்லை என்று பிராண்ட் கேட்டார். நான் தோல் வைத்தியன், எலும்பு வைத்தியர்களாகிய நீங்களல்லவா இத்தனை காலமும் இந்தப் பக்கம் திரும்பாதிருக்கிறீர்கள் என்று பதில் வந்தது. பிராண்ட் ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, பிடியும் என்றார். செத்த கை என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்த அந்தக் கை, வைத்தியர் வலி தாங்காமல் போகும் அளவுக்கு இறுகப் பிடித்தது. பிடித்தவருக்குத் தாம் எவ்வளவு இறுக்குகிறோம் என்பதே தெரியவில்லை. அந்தக் கைக்குள் நல்ல தசைகள் இன்னும் இருக்கின்றன என்று பிராண்ட் அறிந்துகொண்டது அப்பொழுதுதான். நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையை அதற்குக் கொடுக்கிற அறுவைச் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது.

ஆனால் நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது வேறொரு சம்பவம். ஒருநாள் சரக்கறைக் கதவின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் வந்து, நான் திறக்கிறேன் என்று சாவியைப் பிடித்து ஒரே திருகாகத் திருகினான், பூட்டு திறந்துகொண்டது. இத்தனை நோஞ்சலான பையனுக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது என்று வைத்தியர் வியந்து பார்க்கையில், தரையில் இரத்தச் சொட்டுகள் கிடந்தன. சாவியின் விளிம்பு பையனுடைய விரலின் தோலையும் சதையையும் கிழித்து எலும்புமட்டும் போயிருந்தது. பையனோ, பூட்டைத் திறந்துவிட்ட சந்தோஷத்தில் நின்றுகொண்டிருந்தான். நாமாயிருந்தால் சாவி தோலை அழுத்தின உடனே கையை எடுத்திருப்போம். அவனுக்கு அதிகப்படியாக இருந்தது பலமல்ல. நிறுத்து என்று சொல்லுகிற வலி அவனுக்கு இல்லாமலிருந்தது, அவ்வளவுதான்.

அதுவரையில் தொழுநோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மருத்துவர்களே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. உணர்ச்சியற்ற விரல், தான் அறியாமல் வெந்தும் வெட்டுண்டும் நசுங்கியும் அழிகிறது என்று பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். இதை அவர்கள் கண்டறிந்த விதம் மிகவும் சாதாரணமானது. நவ ஜீவ நிலையம் என்ற பெயரில் குடிசைகள் போட்டு நோயாளிகளைத் தங்கவைத்து, தச்சு வேலை முதலானவற்றைக் கற்றுக்கொடுத்தபோது, ஒவ்வொரு காயமும் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள். ஒன்று சூடான பாத்திரம். ஒன்று சுத்தியலின் பிடி. ஒன்று விளக்கின் கண்ணாடி. ஆனால் சிலருக்கு இரவில் படுக்கும்போது இருந்த விரலின் நுனி காலையில் இல்லாமலிருந்தது. அதன் காரணம் வெகுநாள் விளங்கவில்லை. ஓர் இரவு விழித்திருந்து காவல்காத்தபோதுதான் எலி வந்து விரலைக் கடித்துத் தின்பதும், படுத்திருப்பவர் அசையாமல் தூங்குவதும் தெரிந்தன. அன்றுமுதல் வீடு திரும்புகிற நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

பூனையோடு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். தினமும் கைகளையும் பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கொப்புளித்திருக்கிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். வலி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்தது. அப்படிப் பார்த்து வந்தவர்களுடைய விரல்கள் தப்பின. இழந்த உணர்ச்சி அவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

சபையோரே, இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அன்பு என்றால் உள்ளத்தில் பொங்கி எழ வேண்டிய ஓர் உணர்ச்சி என்றும், அது எழாவிட்டால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்றும், எழாதபோது செய்வது வெளிவேஷம் என்றும் நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். "பக்கத்து வீட்டுக்காரர்மேல் எனக்கு அன்பு வரவில்லை, நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுகிற விசுவாசிகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஜெபியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உணர்ச்சி வருமட்டும் அந்த நோயாளிகள் காத்திருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு விரலும் மிஞ்சியிராது. "வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்" என்று யோவான் எழுதியது, மனம் இளகினவர்களுக்கு மட்டுமல்ல, இளகாதவர்களுக்குந்தான். மனம் இளகாவிட்டாலும் கண் இருக்கிறதே.

நம் வீட்டிலேயே பார்க்கத் தொடங்குவோம். ஞாயிறு காலையில் நாம் எல்லாரும் வேதாகமமும் பாட்டுப்புத்தகமுமாக ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும்போது, நம்மில் எத்தனை பேருடைய வீட்டில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்? மத்தியானம் பிரியாணி என்று அவளைச் சீக்கிரமாக வரச் சொல்லியிருக்கிறோம். அவளும் ஒரு சபையைச் சேர்ந்தவளாயிருக்கலாம். அவளுக்கு வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராத நாளுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோமா? அவளுக்கென்று தனியாக ஒரு தம்ளர் அடுக்களை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறதா? அந்தத் தம்ளர் நம் கண்ணில் படுவதே இல்லை. பல வீடுகளில் அது மாமியார் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதுகிறார். அந்தக் கூக்குரலைக் கேட்க வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால் போதும்.

இதே கேள்வியைச் சேகரக் கமிட்டியாருக்கும் வைக்கிறேன். அவர்கள் முன்வரிசையில் இருக்கிறபடியால் எனக்கும் வசதி. ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, பாய் விரிக்கிறவருக்கு மாதம் என்ன கொடுக்கிறோம், கடைசியாக அதை உயர்த்தியது எந்த வருடம்? அசனத்துக்கும் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் எழுதுகிற அதே கணக்குப் புத்தகத்தில்தான் அதுவும் இருக்கிறது.

வலி தெரியாமை தனி மனிதரோடு நிற்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொழுநோயாளரைச் சேர்த்துக்கொண்டால் மற்ற நோயாளிகள் ஓடிப்போவார்களே என்ற பயம், கிறிஸ்துவின் பெயரால் நடந்த மருத்துவமனைகளிலேயே இருந்தது. வேலூரிலும் பிராண்டுக்கு முதலில் அந்தத் தயக்கத்தைக் கடக்க வேண்டியிருந்தது. நம்முடைய சட்டத்தைப் பாருங்கள். கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே பரிந்துரைத்து, தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது. ஆனாலும் கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், கணவனையோ மனைவியையோ தள்ளிவிடுவதற்கான காரணங்களில் ஒன்றாகத் தொழுநோய், அதற்குப் பிறகு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அதை நீக்கியது. மற்ற மதத்தாருடைய சட்டங்களிலும் இருந்தது, உண்மை. ஆனால் "இயேசு மனதுருகி, கையை நீட்டி அவனைத் தொட்டு" என்று மாற்கு எழுதிய சுவிசேஷத்தை வாசிக்கிற ஜனம் நாம். ஆண்டவர் தொட்டது சுத்தமாக்கின பிறகு அல்ல, சுத்தமாக்குவதற்கு முன்னே. அப்படியிருக்க, அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி முதல் குரல் நம் ஆலயங்களிலிருந்தல்லவா கிளம்பியிருக்க வேண்டும்?

கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, திருவிருந்தின் பாத்திரம் ஒன்று, ஆனால் புதைக்கிற இடம் சாதிக்கு ஒன்று என்று இருக்கிற சபைகள் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. திருச்சியில் கிறிஸ்தவக் கல்லறையொன்றின் நடுவே சாதிக்காக எழுப்பப்பட்ட சுவரைப் பற்றிப் பத்திரிகைகளே எழுதின. இதில் மனவருத்தத்துக்குரியது சுவரைவிட, அதன் இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு அது வலிக்கவே இல்லை என்பதுதான். "எங்கள் முன்னோர் வைத்தது, இப்போது யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை" என்பார்கள். யாரும் என்றால் யார்? அந்தப் பக்கத்தில் புதைக்கிறவர்களிடம் போய்க் கேட்டவர் உண்டா? வேலூரில் ஓர் இரவு முழுவதும் யாரோ விழித்திருந்து பார்க்கும்வரை, எலிதான் விரலைத் தின்கிறது என்பது விரலுக்குரியவர்களுக்கே தெரியாதிருந்தது. நம்மிடையே அதையும் பிறர்தான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் சபையைக் குலைக்கிறான் என்கிறோம்.

இவ்வளவும் சமூக சேவைதானே, இதில் விசுவாசம் எங்கே என்று ஒருவர் கேட்கலாம். "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்ற வசனம் அதற்குப் போதுமான பதில் என்று நினைக்கிறேன். கண்ட சகோதரன் என்றுதானே எழுதியிருக்கிறது. பிராண்ட் தம் பேச்சுகளில் வலியைத் தேவன் கொடுத்த ஈவு என்றே சொல்லிவந்தார். சபையும் ஒரு சரீரமாயிருந்து ஒருவர் வலியை ஒருவர் உணர வேண்டும் என்பதை அவரே எடுத்துச் சொல்வார். நான் அதோடு சேர்ப்பது இவ்வளவே: உணர முடியாத நாட்களில், பார்க்கிற வேலையாவது தினமும் நடக்க வேண்டும்.

முடிக்குமுன் ஒரு காரியம். 1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றுக்கொண்ட அதே பாடம் அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது; சர்க்கரை நோயிலும் பாதத்தின் நரம்பு மரத்துப்போய், தெரியாமல் புண்ணாகிக் காலை எடுக்கும் நிலை வருகிறது. இந்தச் சபையில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. இன்று இரவு உங்கள் பாதங்களை, விரல் இடுக்குகளோடு சேர்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ அவர்கள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்; யார் பார்ப்பது என்று சாப்பாட்டுக்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். தனியாக வசிக்கிற முதியவர்களின் பெயர்கள் பெண்கள் ஐக்கியச் செயலாளரிடம் இருக்கின்றன. அந்தப் பட்டியலை வாலிபர் சங்கத்தார் இன்று வாங்கிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.