வலி மாத்திரையை இன்னைக்கே தூக்கிப் போடுங்கன்னு ஒரு ரீல்ஸ் - எனக்கு வந்த கோபம்

வணக்கம் மக்களே, இன்னைக்கு முழங்கால் எக்சர்சைஸ் வீடியோதான் போடுறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். இன்னைக்கு வேற. நேத்து ராத்திரி ஒருத்தர் ரீல்ஸ் பாத்தேன். நல்லா உடம்பு தேத்தி வச்சிருக்காரு, வயசும் கம்மி, முட்டியில ஒரு சத்தம்கூட வராது அவருக்கு. கேமராவைப் பாத்து சொல்றாரு, "ஓப்பியாய்டு மாத்திரை விஷம், இன்னைக்கே குப்பையில போடுங்க, மூணு நாள் பல்லைக் கடிச்சுட்டு இருந்தா விடுதலை"ன்னு. ஓப்பியாய்டுன்னா அபின் மாதிரி வேலை செய்யற பலமான வலி மருந்து வகை. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம், தூக்கமே போச்சு.

அந்த வகை மாத்திரைல ஒண்ணான டிராமடாலை நான் எடுத்தது, அதை விட்டது எல்லாம் பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். அந்த மாத்திரைக்கு நான் வக்கீல் இல்லை. மூட்டு தேய்மானத்துக்கு அதை மாசக்கணக்குல, வருஷக்கணக்குல சாப்பிடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆனா "இன்னைக்கே நிறுத்து"ங்கிறது அதைவிட மோசம். சாப்பிட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும்னு மொதல்ல சொல்லிடுறேன், அப்புறம் இவரைக் கவனிப்போம்.

ஆரம்பத்துல கேக்கும். வலி இருக்கும், ஆனா நம்மளைத் தொந்தரவு பண்ணாது. கொஞ்ச நாள்ல அதே டோஸ் பத்தாது, கூட்டச் சொல்லும். இன்னொண்ணு, அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்க நெருங்க உடம்பெல்லாம் குடையும், எரிச்சல் வரும், முட்டி கடுக்கும். நமக்கு என்ன தோணும், மூட்டு இன்னும் தேஞ்சு போச்சுன்னு. பாதி நேரம் அது மூட்டே இல்லை, மருந்து இறங்குறதுக்கு உடம்பு போடுற சண்டை. மாத்திரை போட்டதும் அடங்குது இல்ல, உடனே "பாத்தியா, இது இல்லாம நமக்கு முடியாது"ன்னு நம்பிடுறோம். சில பேருக்கு இன்னும் ஒரு படி மேல, மருந்தே நரம்பை உசுப்பி விட்டு சாதாரணமா தொட்டாலே வலிக்கிற மாதிரி ஆக்கிடும். டோஸ் கூட்டக் கூட்ட வலியும் கூடும், என்ன கொடுமை பாருங்க.

சரி, இவ்வளவு ரிஸ்க் எடுத்தா பலனாவது கூடுதலா இருக்கான்னு கேட்டா, 2018ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி முடிவு வந்துச்சு. நாள்பட்ட முதுகு வலி, இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மானம் இருக்கிற முன்னாள் ராணுவத்துக்காரங்க 240 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் ஓப்பியாய்டு, இன்னொரு பக்கம் பாராசிட்டமால், அழற்சி குறைக்கிற சாதா மாத்திரைன்னு ஒரு வருஷம் குடுத்துப் பாத்தாங்க. நடக்கிறது, வேலை செய்யறதுல ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வலி, சாதா மருந்து சாப்பிட்டவங்களுக்கு ஒரு துளி கம்மி. பக்க விளைவு ஓப்பியாய்டு பக்கம்தான் ஜாஸ்தி. அவ்வளவுதான், இதுக்குத்தான் இத்தனை பாடு!

மலச்சிக்கல். இதைச் சொல்ல எல்லாருக்கும் வெட்கம், எனக்கு இல்லை. தூக்க கலக்கம், குமட்டல் எல்லாம் போகப் போக உடம்பு பழகிக்கும், இது மட்டும் எத்தனை மாசமானாலும் பழகாது. நார்ச்சத்து மட்டும் வச்சு சமாளிக்க முடியாது, குடலை அசைச்சு விடுற மருந்து தனியா டாக்டர்கிட்ட கேக்கணும். அப்புறம் கீழ விழுறது. முட்டியே பலம் இல்லாம இருக்கு, ராத்திரி பாத்ரூம் போக எந்திரிக்கும்போது தலை சுத்துது, வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு முறிய இது போதும். ஹார்மோன் குறையும், ஆம்பளைங்களுக்கு ஆசையே போகும், பொம்பளைங்களுக்கு பீரியட்ஸ் தாறுமாறாகும், யாரும் மாத்திரையை சந்தேகப்பட மாட்டாங்க. தூக்க மாத்திரையோட, சரக்கோட சேந்தா மூச்சு மெதுவாகி நின்னே போகலாம். டிராமடால்ல கூடுதலா ஒரு சிக்கல், வலிப்பு வர வாய்ப்பு இருக்கு, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க அதை டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாது.

அய்யோ ஒண்ணு விட்டுட்டேன், அந்த 240 பேர் கதையில. சாதா மருந்து பக்கத்துலயும் எதுவும் கேக்கலைன்னா கடைசிப் படியா டிராமடால் குடுக்க இடம் வச்சிருந்தாங்க. கொஞ்சம் பேருக்குத்தான் தேவைப்பட்டுச்சு. இதைச் சொல்லாம விட்டா நானும் அந்த ரீல்ஸ்காரர் மாதிரி ஆயிடுவேன்.

இப்ப முக்கியமான விஷயம், டப்பா மூடி. சிரிக்காதீங்க. குழந்தை திறக்க முடியாதபடி அமுக்கித் திருப்புற மூடி வச்சிருக்கானுங்க, அதை கட்டைவிரல் அடி மூட்டு தேஞ்ச என்னாலயும் திறக்க முடியலை. வலி மாத்திரை எடுக்க வலி மாத்திரை போட்டுட்டு வரணும் போல. பல்லால கடிச்சேன், கதவு இடுக்குல வச்சேன், கத்திரிக்கோல் வரைக்கும் போயாச்சு. அப்புறம் கண்டுபிடிச்சேன் பாருங்க: ஈரத்துணியை மடிச்சு மேஜையில போடுங்க, டப்பாவை அது மேல நிறுத்துங்க, விரலை மறந்துடுங்க, உள்ளங்கையோட அடிப்பக்கத்தை மூடி மேல வச்சு, முழங்கையை நேரா நீட்டி, உடம்பு வெயிட்டைப் போட்டு அமுக்கி, தோளைத் திருப்புங்க. டக்! திறந்துடுச்சு. அந்த டக் சத்தம் கேட்டதுக்கு நான் ஆடாத குறை. மூடியைத் திட்டினாலும் அது வேணும்தான், பெரியவங்க டோஸ் ஒரு சின்னக் குழந்தை வயித்துக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. திறக்க முடியலைன்னு மூடாம மட்டும் வச்சிடாதீங்க.

சரி, மூணு நாள் வீரருக்கு வருவோம். பல மாசமா தெனமும் சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா விடாம கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சம், வயித்துப்போக்கு, கால் ஒரு இடத்துல நிக்காது, தூக்கம் அறவே இருக்காது. அதுக்கு மேல பழைய வலி ரெண்டு பங்கா திரும்பும், மனசு உடைஞ்சு உயிரை விடலாமான்னு நினைக்கிற அளவுக்குப் போனவங்க இருக்காங்க. 2019லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரிக்கையா சொல்லிருச்சு. தாங்க முடியாம திரும்ப பழைய டோஸைப் போடுறவங்கதான் பெரிய ஆபத்துல இருக்காங்க, ஏன்னா உடம்புக்கு இடையில அந்தப் பழக்கம் விட்டுப் போயிருக்கும், முன்னாடி தாங்கின அளவே இப்ப மூச்சை நிறுத்தலாம். இதை ஏன் சார் நீங்க ரீல்ஸ்ல சொல்லலை?

இன்னொண்ணு, நிறுத்தினா உடம்பு கேக்குதுன்னா உடனே "நீ அடிமை"ன்னு முத்திரை குத்தாதீங்க. டாக்டர் எழுதினபடி சாப்பிட்டவங்க உடம்பும் பழகத்தான் செய்யும். கேடு தெரிஞ்சும் மனசு அது பின்னாடியே ஓடி, டோஸை ஒளிச்சு வச்சு சாப்பிட ஆரம்பிச்சா அது வேற வியாதி, அதுக்கும் சிகிச்சை இருக்கு.

குறைக்கணும்னா டாக்டரோட சேந்து மெதுவா. ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டவங்களுக்கு மாசத்துக்கு 10 சதவீதம் இல்லைன்னா அதைவிட மெதுவான்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோட (CDC) 2022 வழிகாட்டுதல் சொல்லுது. நடுவுல முடியலைன்னா அங்கயே கொஞ்சம் நிக்கலாம். கூடவே தொடை தசையை பலப்படுத்துறது, எடை, மேல தடவுற ஜெல்னு மாத்து ஏற்பாடு இருக்கணும், வெறுங்கையா விட்டா யாரா இருந்தாலும் திரும்ப மாத்திரைக்குத்தான் போவாங்க. மூட்டு மாத்து ஆபரேஷன் யோசிக்கிறவங்க மறக்காம சர்ஜன்கிட்ட இந்த மாத்திரை பத்தி முன்கூட்டியே சொல்லிடுங்க, ரொம்ப நாள் சாப்பிட்ட உடம்புக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வலியை அடக்குறது கஷ்டம்.

ஒருத்தங்க மெசேஜ்ல கேட்டிருந்தாங்க, "அக்கா உங்ககிட்ட மிச்சம் இருக்கிறதை எனக்கு அனுப்புவீங்களா"ன்னு. மாட்டேன் தங்கம், உங்க மேல பாசம் இருக்கிறதாலதான் மாட்டேன், அதையெல்லாம் மருந்துக்கடையில திருப்பிக் குடுத்தாச்சு.