250 டாலர் கணக்கு

அனைவருக்கும் வணக்கம்.

படிக்க ஆசைப்படும் ஒரு அமெரிக்கச் சிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு இடமாற்றம். ஒரு ஊர்க் கல்லூரியில் முடித்த பாடத்தை அடுத்த ஊர்க் கல்லூரி ஒத்துக்கொள்ளாது. நடுவில் கப்பல் ஏறச் சொல்லிவிட்டால் அந்த செமஸ்டரே போச்சு.

இந்தக் கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஜேம்ஸ் எட்டர். மரைன் படை அதிகாரி. குவாண்டிகோ என்ற மரைன் படைத்தளத்தில் பாடம் நடத்தியவர். ஓய்வுபெற்றபின் 1991இல், வர்ஜீனியாவில் அமெரிக்கன் மிலிட்டரி யுனிவர்சிட்டியைத் தொடங்கினார். 1993இல் வகுப்பு ஆரம்பித்தபோது 18 மாணவர்கள். அப்போது இணையம் ஏது? தபாலும் தொலைபேசியும்தான், நமக்குப் பழகிய அஞ்சல்வழிக் கல்வி மாதிரி. அப்புறம் எல்லாம் இணையத்துக்குப் போனது. எட்டு வாரப் பாடம், மாதம் பிறந்தால் புது வகுப்பு.

2002இல் தலைமையிடம் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுனுக்கு மாறியது. 2007இல் தாய் நிறுவனம் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. நம் நாட்டில் கல்லூரி நடத்த ‘அறக்கட்டளை’ என்று ஒரு பலகையாவது மாட்ட வேண்டும். அங்கே அந்தச் சிரமம் இல்லை.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? பணியில் இருக்கும் வீரரின் படிப்புக்கு ராணுவம் ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஒரு அலகுக்கு, 250 டாலர் வரை கொடுத்தது. ஆண்டுக்கு 4,500 வரை. இந்தப் பல்கலைக்கழகம் வீரர்களிடம் இளநிலைப் படிப்புக்கு வாங்கிய கட்டணமும் அதே 250. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 750 டாலர்; ஆண்டுக்கு ஆறு பாடம் எடுத்தால் வரம்பு சரியாக முடிகிறது. சிப்பாய் கையை விட்டுக் கட்டணமாக ஒரு காசு போகாது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு அது பெரிய உதவி. ஆனால் விலையை நிர்ணயித்தது வகுப்பறை அல்ல, அரசின் காசோலை.

துறை முழுவதிலும் நடந்த கூத்து வேறு. லாபத்துக்கு நடத்தும் கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்தியக் கல்வி உதவியிலிருந்து பெறக் கூடாது என்று ஒரு விதி. ராணுவ உதவித்தொகையும் அரசுப் பணம்தானே? ஆனால் விதி அதை மீதிப் பத்தில் சேர்க்க விட்டது. ஒரு வீரர் வழியாக 10 டாலர் வந்தால், மற்ற மாணவர்கள் பெயரில் 90 டாலர் வாங்க இடம் கிடைக்கும். சீருடைக்காரர்களை ஏன் அப்படித் துரத்தித் துரத்திச் சேர்த்தார்கள் என்பது இப்போது புரிகிறதா? 2012இல் ஒபாமா ஃபோர்ட் ஸ்டூவர்ட் முகாமுக்கே போய் இதைக் கட்டுப்படுத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். ஓட்டை மட்டும் அடைபடவில்லை.

2015இல் லாபத்துக்கு நடந்த கொரிந்தியன் கல்லூரிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு அதே ரகத்தைச் சேர்ந்த ஐடிடி டெக். முன்னாள் வீரருக்கு ஜிஐ பில் திட்டத்தில் கிடைப்பது பொதுவாக 36 மாதப் படிப்புச் செலவு. அதில் பாதியை இப்படி ஒரு கல்லூரியில் கரைத்தவர் நிலை என்ன? பட்டமும் இல்லை, மாதங்களும் இல்லை. 2017இல் ஒரு சட்டம் போட்டு அந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்தார்கள். 90 சதவீத விதியின் ஓட்டையை அடைக்க 2021இல் சட்டம் வந்தது, 2023இல் அமலானது. இப்போது சிப்பாயின் அந்த 750 டாலரும் அரசுப் பணக் கணக்கில்தான் ஏறுகிறது.