நின்றபடியே துருப்பிடிக்கும் வேன்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேன் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, உள்ளே படுக்கையும் சின்ன அலமாரியும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அப்படி வாங்குகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எஞ்சின் பெரிய கவலையே இல்லை. பின்பக்கத்தில் இருக்கும், காற்றில் குளிரும் அந்த எஞ்சினைக் கழற்றி இறக்குவது எளிது, பாகங்களும் இன்னும் கிடைக்கின்றன. இந்த வேனின் ஆயுளை முடிவு செய்வது தகரம். ஆகவே இன்றைக்குத் தகரத்தையும் துருவையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் 35 ஆண்டு கடந்த வாகனத்தைக் கிளாசிக் திட்டத்தில் பதிவு செய்தால், ஆண்டுக்கு 45 நாள் ஓட்ட அனுமதி. மிச்சம் 320 நாளும் வேன் நின்றுகொண்டுதான் இருக்கும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வண்டியைத் தின்னும். இங்கே சாலையில் உப்பு இல்லை, ஆனால் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். கழுவிவிட்டு எண்ணெய் தடவாமல் வைத்த இரும்புத் தோசைக்கல் மறுநாள் காலையில் என்ன நிறத்தில் இருக்கும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். நின்ற இடத்திலேயே வேனும் அப்படித்தான் ஆகிறது. அதனால் தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று தெரியாமல் பெயிண்டில் கை வைக்காதீர்கள்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டிய விளிம்புகளில் உள்ளே புகுந்து, இரண்டையும் நெம்பிப் பிரிக்கும். வெளியே பத்துக் காசு அளவில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால், உள்ளே பெரும்பாலும் உள்ளங்கை அளவு போயிருக்கும். சோதிக்க மூன்று பொருள் போதும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வேன் முழுதும் நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் அடியில் இருப்பது பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்ப அப்பும் பசை, தகரம் அல்ல. சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று பேசும், பட்டி மொத்தென்று கேட்கும். பிறகு ஸ்க்ரூடிரைவரால் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். வாங்குவதற்கு முன் குத்த விடாத விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இரண்டாம் தலைமுறை வேனில், அதாவது ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை செய்த அகலக் கண்ணாடி வேனில், துரு பிடிக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லா வண்டியிலும் ஒன்றுதான். முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலைகள், கூரை ஓரத்து மழைக் கால்வாய், ஓட்டுநர் காலடித் தரை, முன்கதவுப் படி, பக்கவாட்டுக் கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவுகள், எஞ்சின் அறையில் பேட்டரி உட்காரும் தட்டு. பேட்டரித் தட்டைத் தின்பது மழை அல்ல, கசிந்த அமிலம். அங்கே சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. உள்ளே இருக்கும் பலகை, மெத்தை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் தரையிலும் பக்கத் தகரத்திலும் சாக்பீஸ் தூளை மெல்லியதாகப் பூசுங்கள். ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால், அழுத்தமில்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது. வெள்ளைத் தூளில் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கும். கோட்டின் தலை எங்கே என்று பார்த்து மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள்.

வேலை செய்யும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளின் கார் பார்க் இதற்கான இடமே அல்ல. கூரையுள்ள தரைவீட்டு முற்றம் வேண்டும். இல்லையென்றால் வெட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இடம் கேட்டு, மற்றதை வீட்டில் செய்யலாம். படுக்கை, அடுப்பு என்று உள்ளமைப்பை மாற்றுவதாக இருந்தால், மரம் வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

வெல்டிங் தொடங்கும் முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி வேனிலிருந்து தள்ளி வையுங்கள். காலி டாங்கில் இருக்கும் ஆவிதான் நிறைந்த டாங்கைவிட ஆபத்து. கேஸ் சிலிண்டரும் அடுப்பும் இருந்தால் அவையும் வெளியே. பேட்டரி இணைப்பைப் பிரித்துவிடுங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நுண்துகள் வடிகட்டி உள்ள முகக்கவசம் போடுங்கள். கடைசி வெல்டிங் முடிந்து அரைமணி நேரமாவது அங்கேயே இருந்து, புகை வருகிறதா என்று பாருங்கள். பழைய பஞ்சும் அடிப்பூச்சுத் தாரும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைப் பட்டறையில் ‘சில்’ என்பார்கள். இந்த வேனில் அது மூன்று அடுக்கு: வெளித்தகரம், நடுத்தகரம், உள்தகரம். தனிச் சேஸி இல்லாத வண்டி என்பதால் உடலே பாரத்தைத் தாங்குகிறது. சில் போனால் வேனின் நடுப்பகுதி தொய்ந்து, கதவு இழுபடும்.

சில்லை வெட்டும் முன், சமதரையில் அடிச்சட்டங்களுக்குக் கீழே ஸ்டாண்டுகளை வைத்துத் தாங்குங்கள். துருப்பிடித்த ஜாக்கி முனைகளை நம்பாதீர்கள். பக்கவாட்டுக் கதவின் திறப்பில் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயைக் குறுக்காகப் பொருத்தி, மூலைக்கு மூலை அளவெடுத்து டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். ஒரு பக்கம் முழுதும் முடியாமல் மறுபக்கத்தை வெட்டவே கூடாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்த வேன் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். பிறகு எந்தக் கதவும் மூடாது.

ஒரு மில்லிமீட்டர் கட்டிங் டிஸ்கால் வெளித்தகரத்தை வெட்டினால், உள்ளேயிருந்து காப்பித்தூள் நிறத்தில் செதில்கள் கொட்டும், கூடவே காய்ந்த சேறும் வரும். சில வேன்களில் முன்பு இருந்தவர்கள் அடைத்த மஞ்சள் ஃபோம் இருக்கும். அந்த ஃபோம் ஸ்பாஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உள்தகரத்தையும் அழுகவைத்திருக்கும். வெல்டிங் சூட்டில் நச்சுப்புகையும் வரும். நகத்தளவுகூட விடாமல் சுரண்டி எடுங்கள். நடுத்தகரத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் ஜல்லடையாக இருக்கும். உள்தகரத்துக்குப் பின்னால் இருட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது போன தகரம்தான். துருக்குழி முடியும் இடத்திலிருந்து இன்னும் 25 மில்லிமீட்டராவது நல்ல தகரத்துக்குள் போய் வெட்டுங்கள். மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது, ஊதிக்கொண்டு ஓட்டையாகும்.

துருவின்மேல் புதுத் தகரத்தை வைத்து ஒட்டும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டு தகரத்துக்கு நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் புதுத் தகரமும் போகும், பழையதில் மிச்சமிருந்ததும் போகும். விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுவதுதான் சரி.

புதுத் தகரத்தைக் கிளாம்பில் பிடித்ததும் கதவுகளை மாட்டி, மூடித் திறந்து பாருங்கள். இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருந்தால்தான் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுக்கலாம். கம்பியே உருகி ஒட்டும் மிக் வெல்டிங்கில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கேஸ். முதலில் அதே கனமுள்ள துண்டுத் தகரத்தில் ஒட்டி, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சூடு உள்ளே இறங்கிய தடம் அங்கே தெரிய வேண்டும். மேலே மணிபோல் உட்கார்ந்திருந்தால் அது ஒட்டவே இல்லை. வேனில் ஒரே கோடாக இழுக்காமல், 40 அல்லது 50 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒரு முனை, மறுமுனை, நடு என்று தாவித் தாவிப் போங்கள். கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. அவசரப்பட்டால் தகரம் அப்பளமாக நெளியும். இங்கே வெக்கைக்கு எல்லோரும் ஃபேன் போட்டுக்கொள்கிறோம். அந்தக் காற்று டார்ச் பக்கம் அடித்தால் கேஸ் கலைந்து, ஒட்டு தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக வரும்.

பெட்டியை மூடும் முன் உட்புறங்களுக்கு எபாக்சி (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) பிரைமரும், ஒட்டப்போகும் விளிம்புகளுக்கு வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமரும் பூசுங்கள். மூடிய பிறகு எந்தப் பிரஷும் அங்கே போகாது. சில்லின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மறந்தும் அடைத்துவிடாதீர்கள்.

பிரைமர் அடிக்கும் நேரத்தில்தான் இங்கே பல வேலை கெடுகிறது. தேய்த்துப் பளபளக்கும் இரும்பில் சில மணி நேரத்தில் மெல்லிய துரு படரும், கண்ணுக்குத் தெரியாமலே தொடங்கிவிடும். அன்று பிரைமர் அடிக்க முடிந்த அளவு மட்டுமே அன்று தேயுங்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைப் பனிநிலை என்பார்கள். இரும்பின் மேற்பரப்பு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. இரவெல்லாம் ஆறிய தகரம் காலை ஒன்பது மணிக்கு 27 டிகிரியில் இருந்தால், அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கலாம். மதியம் 32 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு ஆகும்போது பனிநிலை 25க்குக் கீழே இறங்கும், தகரமும் சூடேறியிருக்கும். அடிக்க வேண்டிய நேரம் அதுதான். ஈரப்பதமானியும் மேற்பரப்பு வெப்பமானியும் வாங்கும் செலவு, ஒரு டின் எபாக்சியை வீணாக்குவதைவிடக் குறைவு. மழை குறைந்த பிப்ரவரியைப் பூச்சுக்கு வைத்துக்கொண்டு, நவம்பர் முதல் ஜனவரி வரை கூரைக்கு அடியில் வெட்டி ஒட்டும் வேலையைப் பாருங்கள்.

இன்னொரு தவறு, துருமாற்றித் திரவம். அதிலிருக்கும் பாஸ்பரிக் அமிலம் மெல்லிய துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும், அது உண்மை. ஆனால் மிச்ச அமிலத்தைக் கழுவாமல் மேலே எபாக்சி பூசினால், எபாக்சி சரியாக இறுகாமல் பிறகு தோலாக உரியும். பட்டியையும் வெறும் தகரத்தில் வைக்கக் கூடாது. அது ஈரத்தை உறிஞ்சும். எபாக்சிக்கு மேலேதான் பட்டி. நம் வெக்கையில் கலந்த எபாக்சி சீக்கிரம் இறுகிவிடும், சிறிது சிறிதாகக் கலந்துகொள்ளுங்கள். மேற்பூச்சுக்கு, மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் உள்ள இரட்டைக்கலவைப் பெயிண்ட் என்றால் வீட்டில் வேண்டாம். அதற்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் தனி அறையும் தேவை.

கண்ணாடி ரப்பரைச் சுற்றிச் சிலிக்கான் அப்பாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், சட்டம் அங்கிருந்தே அரிக்கும். புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து அழுத்த மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுத்தால், ரப்பரின் உதடு தானாகச் சட்டத்தின் மேல் ஏறும்.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே உள்மெழுகு, அதாவது மூடிய பகுதிகளின் உள்ளே தெளிக்கும் துருத்தடுப்பு மெழுகு. நீண்ட குழல் முனையால் சில், கதவு, சட்டங்கள் உள்ளே எல்லாப் பக்கமும் தெளித்து, வடிகால் துளையில் மெழுகு சொட்டும்வரை விடுங்கள். தோசைக்கல்லுக்குத் தடவும் எண்ணெய் இதுதான். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் அடிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் கெட்டியான தார்ப்பூச்சைத் தவிருங்கள். அது விரிசல்விட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராது.

ஓட்டும் முன் பிரேக் குழாய்களையும் பெட்ரோல் ஹோஸ்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இதில் சேமிக்க நினைக்காதீர்கள். இந்த வேன்களில் எஞ்சின் அறையில் தீப்பிடிக்கப் பழைய ஹோஸ்தான் பெரிய காரணம்.

வேனை பிளாஸ்டிக் விரிப்பால் மூடாமல், காற்றுப் போகும் துணிவிரிப்பால் மூடுங்கள். உள்ளே பலகை அடிக்கும்போது தகரத்தோடு பஞ்சை ஒட்டவைக்காதீர்கள், பலகையின் வெட்டு விளிம்புகளுக்கும் எபாக்சி பூசுங்கள். பெருமழை விட்டதும் ஒருமுறை குனிந்து சில்லின் அடியைப் பாருங்கள். எல்லாத் துளையிலிருந்தும் சொட்ட வேண்டும். ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தால், மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து அன்றைக்கே அந்தத் துளையைக் குத்திவிடுங்கள்.