பக்கற் மாறினால் வாடிக்கை மாறுமா? ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற பதிவுக்கு வந்திருந்த கேள்விகளுள் ஒன்றை நான்கு நாள்களாக மனத்தில் சுமந்துகொண்டு திரிந்தேன். முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவருடைய தாயார், மீள்குடியேறிய நாள் முதல் ஒரே தேயிலையைத்தான் வாங்கி வருகிறாராம். சென்ற மாதம் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பக்கற்றில் நிறமும் படமும் மாறியிருந்தபடியால், "இது கள்ளச் சாமான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறொரு கொம்பனியின் தேயிலையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். தேயிலை அதேதான், உறை மட்டுமே மாறியிருக்கிறது என்று மகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "உறையை மாற்றினால் வாடிக்கையாளரின் விசுவாசம் போய்விடுமா? போகும் என்றால் கொம்பனிகள் ஏன் மாற்றுகின்றன?" என்று தங்கை கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்காரன் மாற்றினான் என்பதற்காக மாற்றுவார்கள். பேணி விலை கூடியது என்று பேணியிலிருந்து பக்கற்றுக்கு மாறுவார்கள். விற்பனைப் பிரிவுக்கு வரும் புதிய அதிகாரி தாம் வந்ததற்கு ஓர் அடையாளம் வைக்க விரும்புவதும் உண்டு. சில வேளைகளில் சட்டமே மாற்றச் சொல்லும். நம் நாட்டில் 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று காட்ட வேண்டும் என்று வந்தது அல்லவா, அதைப் போல. இதற்குமேல் அதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

முதற்கேள்விதான் என்னை உறங்க விடவில்லை. அதிலும் 'விசுவாசம்' என்ற அந்தச் சொல். கொம்பனிக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், நம் மொழி கடைக்கு வருபவரை விசுவாசி என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர் என்றே சொல்கிறது. வாடிக்கை என்றால் வழக்கம், பழக்கம். உங்கள் தாயாருக்கு அந்தத் தேயிலைக் கொம்பனியின் மேல் எந்த அன்பும் இருந்திருக்காது. அதன் சொந்தக்காரர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைக்குப் போனால் கண் ஒரு நிறத்தைத் தேடும், கை அங்கே நீளும், மனம் அடுத்த சாமானுக்குப் போய்விடும். இவ்வளவுதான் நடந்துகொண்டிருந்தது. உறை மாறிய அன்று கண் தேடிய நிறம் அங்கே இல்லை. அந்த நொடியில் அவர் முதன்முறையாக யோசிக்கத் தொடங்கினார். யோசிக்கத் தொடங்கியவர் பக்கத்திலிருக்கும் பக்கற்றையும் பார்ப்பார், விலையையும் பார்ப்பார். கொம்பனிக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு நான் மாங்குளத்தில் சங்கக்கடையில் நிறுவைக்கு நின்ற காலம் தெரியும். சுண்டு அளவைப் பற்றிப் பேசிய பதிவில் அதைச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்றபோது நான் கற்றுக்கொண்ட முதற்பாடம், பெயரைச் சொல்லிச் சாமான் கேட்பவர்கள் குறைவு, நிறத்தைச் சொல்லிக் கேட்பவர்களே அதிகம் என்பது. "தம்பி, அந்த நீலப் பக்கற்றிலை ஒண்டு தாரும்", "சிவப்புப் பேணி வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் மட்டும் இப்படிக் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பாடசாலை அதிபர் ஒருவரும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து "மஞ்சள் சவர்க்காரம்" என்றே கேட்பார். சில உறைகளில் தமிழ் எழுத்து, பின்பக்க மூலையில் எறும்பு ஊர்ந்ததுபோல், அதுவும் பிழையோடு அச்சிடப்பட்டிருக்கும்போது, சனம் எழுத்தை நம்பாமல் நிறத்தை நம்பியதில் வியப்பும் இல்லை. உறையை மாற்றுவதற்கு இத்தனை செலவழிப்பவர்கள் அந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

நிறத்தைப் பற்றிச் சொன்னேன். இனி, பெரிய கொம்பனி ஒன்று பட்ட பாட்டையும் சொல்கிறேன். அமெரிக்காவில் ட்ரொபிக்கானா என்றொரு தோடம்பழச் சாறு இருக்கிறது. பெட்டியின் மேல் ஒரு முழுத் தோடம்பழமும் அதில் குத்திய உறிஞ்சுகுழாயும் இருக்கும். சனத்துக்கு அந்தப் படமே அடையாளம். 2009 சனவரியில் அதை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் சாறு இருப்பதைப் போன்ற படத்தைப் போட்டார்கள். பெயரையும் மெல்லிய எழுத்தில் நிமிர்த்தி எழுதினார்கள். உள்ளே இருந்த சாற்றில் ஒரு துளி மாற்றமும் இல்லை. இரண்டு மாதம் ஆகுமுன் விற்பனை ஏறத்தாழ 20 வீதம் விழுந்தது. பெப்ரவரி முடியுமுன்பே பழைய பெட்டியைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். சிலர் அந்தப் புதிய பெட்டியை ஏதோ மலிவுச் சாறு என்று எண்ணிக் கடந்து போனார்கள். சிலர் தாங்கள் வழக்கமாக வாங்கும் சாறு தீர்ந்துவிட்டது என்று நினைத்து அருகில் இருந்ததை எடுத்தார்கள். அந்தச் சனமும் முள்ளியவளைத் தாயாரும் செய்தது ஒன்றுதானே! அதே புதிய வடிவமைப்பில் பாதித் தோடம்பழம் போல ஒரு மூடியும் செய்திருந்தார்கள். அதைத் திருகும்போது பழம் பிழிவதுபோல் இருக்கும். அந்த மூடியை மட்டும் கொம்பனிக்காரர்கள் கைவிடவில்லை; நல்ல யோசனைதான்.

இன்னொன்றும் நடந்தது. 2011 இல் கொக்காகோலா, பனிக்கரடிகளைக் காப்பதற்கு ஆதரவாக, தன் சிவப்புப் பேணிகளை வெள்ளையாக்கியது. நோக்கம் நல்லது. ஆனால், சீனி சேர்க்காத வகையின் வெள்ளிநிறப் பேணி என்று நினைத்துச் சனம் மாறி எடுத்தது. குடித்துப் பார்த்த சிலர் சுவையே மாறிவிட்டது என்றும் முறையிட்டார்கள்! உள்ளே இருந்தது வழமையான பானந்தான். சில வாரங்களில் சிவப்புப் பேணி திரும்பி வந்தது. கண் பார்த்த நிறத்தை நாக்கு சுவைத்திருக்கிறது. ஆகவே தங்கையே, உங்கள் தாயார் அந்தப் புதிய பக்கற் தேயிலையில் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு "சாயம் காணாது" என்று சொல்லியிருந்தாலும் அவர் பொய் சொல்கிறார் என்று எண்ணியிருக்கக் கூடாது. அவருடைய நாக்கில் அது உண்மையாகவே அப்படி இருந்திருக்கும்.

வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கதைகளைக் கேட்கும்போது எனக்கு 2002 நினைவுக்கு வருகிறது. 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் இருந்த நமக்குப் பல சாமான்கள் அரிதாகவே வந்தன, வந்தாலும் யானை விலை. ஜாம் போத்தல் நமக்கு விளக்காக இருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளை எல்லாரும் கழுவி எடுத்துவிட்டோம். 2002 இல் ஏ9 பாதை திறந்து, ஓமந்தை தாண்டி லொறிகள் வரத் தொடங்கியபோது நான் கிளிநொச்சியில் ஒரு சிறிய கடை வைத்திருந்தேன். முதற்கிழமை வந்த பிஸ்கற் பெட்டியை உடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஒழுங்கைக்குள் இருந்த ஓர் அம்மா வந்து ஒரு பக்கற்றைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். காதருகே கொண்டுபோய்க் கசக்கிப் பார்த்தார். முன்பு மெழுகுத்தாளில் சுற்றி வந்தது, இப்போது மினுங்கும் பிளாஸ்ரிக் தாளில் இருந்தது, சத்தமே வேறு. மூக்கருகே வைத்து மணந்தார். பிறகு, "இது அது இல்லை, ராசா" என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் மனத்தில் பாதுகாத்து வைத்திருந்தது மெழுகுத்தாளும் அதன் சத்தமுந்தான் என்பது எனக்கு அன்று விளங்கியது. நான் ஒரு பக்கற்றை உடைத்து ஒன்றைக் கையில் கொடுத்தேன். தின்றார், பேசவில்லை, இரண்டு பக்கற் வாங்கிக்கொண்டு போனார். அவரோடு வந்திருந்த பேரப்பிள்ளையோ, பாட்டி மணந்து பார்த்த பக்கற்றைத் திரும்பியும் பாராமல், எதில் மினுக்கம் கூடவோ அதைக் காட்டி அழுதது. தடைக்காலத்தில் பிறந்த பிள்ளைக்கு எந்த உறையும் பழைய உறை இல்லையே.

இதைச் சொல்லும்போது உங்களில் சிலர், நகரத்துப் பெருங்கடைகளில் நாமே எடுத்துக் கூடையில் போடுகிறோமே, அங்கே என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். அங்கே கண் மட்டுமே துணை. நமது ஊர்க் கடைகளில் மேசைக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். சாமானை எடுத்துத் தருவது அவர். ஆகவே ஒரு கொம்பனி உறையை மாற்றும்போது அதை முதலில் நம்ப வேண்டியவர் கடைக்காரர். அவர் "பழைய சாமான்தான் அம்மா, உடுப்பு மட்டும் புதிசு" என்று சொன்னால் பாதிக்கு மேல் பிரச்சினை தீர்ந்துவிடும். அவருக்கே தெரியாவிட்டால் என்ன சொல்வார்? நான் கடை நடத்திய காலத்தில் ஒரு சவர்க்காரக் கொம்பனி (பெயர் வேண்டாம்) ஒரு சொல்லும் சொல்லாமல் உறையை மாற்றி அனுப்பியது. விற்பனைப் பிரதிநிதியும் அந்த மாதம் வரவில்லை. பழைய உறையில் மிஞ்சியிருந்தவற்றை ஒரே நாளில் வாங்கித் தீர்த்தார்கள். புதிய உறை தூசு பிடித்தது. கடைசியில் நானே பழைய உறை ஒன்றைப் பொறுக்கி எடுத்து, புதியதையும் அதன் பக்கத்தில் வைத்து, இனிப்புப் போத்தல்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியில் ஒட்டினேன். வருபவர்கள் இரண்டையும் பார்த்தார்கள், ஒரு கிழமைக்குள் வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஒட்டுவேலையைக் கொம்பனிதான் செய்திருக்க வேண்டும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் காம்பெல்ஸ் சூப் பேணி 1898 முதல் சிவப்பும் வெள்ளையுமாக இருக்கிறது. 2021 இல் அதன் முகப்பைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு திருத்தினார்கள். ஆனால் அந்தச் சிவப்பு வெள்ளையில் கைவைக்கவில்லை. நிறம் நின்றது, கண் தேடியது கிடைத்தது, வாடிக்கை விழித்துக்கொள்ளவில்லை. திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: நிறத்தைச் சொல்லிக் கேட்பவர்களே அதிகம்.

இனி, தங்கை கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உண்மையில் இந்தக் கேள்விதான் வரும் என்று ஆவலோடு காத்திருந்தேன். உங்கள் தாயார் ஏன் 'புதிய சாமான்' என்று சொல்லாமல் 'கள்ளச் சாமான்' என்று சொன்னார்? உறை மாறியவுடன் நம் சனத்துக்கு ஏன் சந்தேகம் வருகிறது? ஏனென்றால், உறை மாறியபோதெல்லாம் வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து மாறியதைச் சனம் கண்டிருக்கிறது. விலையைக் கூட்டினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நிறையைக் குறைத்தால் பலருக்குத் தெரியாது. புதிய படம், புதிய மினுக்கம், 'புதிய தோற்றத்தில்' என்று ஒரு மூலையில் நட்சத்திரம். கீழே தேறிய நிறை என்ற இடத்தில் பத்துக் கிராம் குறைந்திருக்கும். 2022 இல் பால்மா விலை ஏறிய விதத்தைக் கண்ட பிறகு, விலை பார்க்காமல் பக்கற் எடுத்தவர்கள்கூட நிறையையும் வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

உறையை மாற்றாமலே குறைத்தவர்களும் இருக்கிறார்கள். 2016 இல் டொப்லரோன் சொக்லேற், பிரித்தானியாவில் தன் 400 கிராம் கட்டியை 360 ஆகவும் 170 கிராம் கட்டியை 150 ஆகவும் குறைத்தது. பெட்டி பார்வைக்கு முன்போலவே இருந்தது. உள்ளே முக்கோணங்களுக்கு இடையில் இடைவெளியை அகலமாக்கிவிட்டார்கள். பல்லுப் போன சீப்பைப் போல இருக்கிறது என்று சனம் சிரித்தது, பிறகு கோபித்தது. 2018 இல் சிறிய கட்டிக்குப் பழைய வடிவத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். அங்கே பெட்டியை மாற்றி ஏமாற்றவில்லை, மாற்றாமல் வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று சனம் நினைத்தது. எந்தப் பக்கம் போனாலும் சனம் கடைசியில் தராசுக்குத்தான் வருகிறது. சங்கக்கடையில் நான் நிறுத்துக் கொடுத்த சீனிக்கு உறை வெறும் பழைய பத்திரிகைத்தாள். ஆனால் தராசின் முள் நடுவில் நிற்கும்வரை ஒருவரும் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

ஆகவே தங்கைக்கு என் விடை: உறை மாற்றத்தால் தாயாரின் அன்பு போகவில்லை, வாடிக்கைதான் அன்றைக்குக் கலைந்தது, அந்த நேரத்தில் அவர் மனத்தில் எழுந்த சந்தேகம் நியாயமானது, ஆனால் சரிதானா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். வீட்டில் அந்தத் தேயிலையின் பழைய பக்கற் இன்னும் இருக்கும். மிளகாய்த்தூளோ கடுகோ போட்டு எங்காவது வைத்திருப்பார், எங்கள் வீடுகளில் நல்ல பக்கற்றை யார் எறிகிறார்கள்? அதை எடுத்து, கடையில் இருக்கும் புதிய பக்கற்றோடு சேர்த்துத் தேறிய நிறையையும் ஆகக்கூடிய சில்லறை விலையையும் பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் தாயாருக்குக் காட்டுங்கள். நிறை குறைந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த பதிவில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.